ஆடிக் காற்றைத் தாங்கும் ட்ரோன் பேட்டரி: டிஸ்சார்ஜ் ரேட்டிங் பார்த்து வாங்குவதற்கான முழு வழிகாட்டி

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, திருநெல்வேலிச் சீமையை ஆவணி வரை விடாமல் வீசிக்கொண்டே இருக்கும். பணகுடியிலும் ராதாபுரத்திலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான், இங்கே பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடுபவர்களின் பேட்டரிகளுக்கு ஆண்டுதோறும் கடுமையான சோதனையாக அமைகிறது. காற்றோடு கிழக்கே போகும்போது ட்ரோனுக்கு வேலையே இல்லை. திரும்பி மேற்கு நோக்கி வரும்போது மோட்டார்கள் கேட்கும் மின்னோட்டம் சட்டென்று இரு மடங்கு, மும்மடங்கு ஆகிறது. பேட்டரியால் அதைக் கொடுக்க முடியுமா என்பது அந்த நிமிடத்தில்தான் தெரியவரும்.

எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. நான்கு செல் (தொடராக இணைத்த நான்கு மின்கலங்கள்), 1500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு), ‘120 சி’ என்று பளபளப்பான ஒட்டுச்சீட்டுப் போட்ட ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, ஓர் ஆடி மாத மாலையில் ஆற்றங்கரை வயல்களுக்கு மேலே பறக்கவிட்டேன். கிளம்பும்போது 16.8 வோல்ட் இருந்தது. முந்நூறு மீட்டர் தள்ளிப் போய்த் திருப்பியபோது திரையில் 15.2 தெரிந்தது. காற்றை எதிர்த்து, மோட்டார்களின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை உயர்த்தினேன், எண் 13.6 ஆகி, 12.9 ஆகி, 12.1-க்கு இறங்கியது. ட்ரோன் தள்ளாடிக் கார் பருவ நெல் வயலுக்குள் விழுந்தது. சேற்றிலிருந்து எடுத்தபோது பேட்டரி கையில் பிடிக்க முடியாத சூட்டில், நடுவில் தலையணைபோல உப்பி, நகப்பூச்சு போன்ற ஒரு இனிப்பு வாடையோடு இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று, “தம்பி, இந்த மேகாத்துல தட்டானே பறக்காது, நீங்க இத விட்டிருக்கிய” என்றார். அவருடைய நெல்லுக்குச் சேதம் இல்லை என்பது ஒன்றே அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தப் பேட்டரியில் மின்சாரம் தீர்ந்துபோகவில்லை. பாதிக்கு மேல் உள்ளேயே இருந்தது. கேட்ட வேகத்தில் அதனால் கொடுக்க முடியவில்லை என்பதுதான் விஷயம். கொடுக்கும் அந்த வேகத்தைத்தான் டிஸ்சார்ஜ் ரேட்டிங் அல்லது சி ரேட்டிங் என்கிறோம். சீட்டில் அச்சடித்த எண்ணிலிருந்து தொடங்காமல், ட்ரோனின் தேவையிலிருந்து தொடங்கிப் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

சி என்ற எண் சொல்வது என்ன

பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணியாக மாற்றி, அதைச் சி எண்ணால் பெருக்கினால் அந்தப் பேட்டரி தரக்கூடியதாகச் சொல்லப்படும் மின்னோட்டம் கிடைக்கும். 1500 எம்.ஏ.எச். என்பது 1.5 ஆம்பியர்-மணி, 100 சி என்றால் 150 ஆம்பியர். பல சீட்டுகளில் இரண்டு எண்கள் இருக்கும். சிறியது தொடர்ந்து தரக்கூடிய அளவு, பெரியது சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய அளவு. வாங்கும்போது சிறிய எண்ணை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தச் சிறிய எண்ணையும் அப்படியே ஏற்க முடியாது என்பதை ஒரு எளிய கணக்கே காட்டிவிடும். 1 சி வேகத்தில் எடுத்தால் எந்தப் பேட்டரியும் 60 நிமிடத்தில் காலியாகும். 100 சி வேகத்தில் எடுத்தால் 36 நொடியில் காலியாக வேண்டும். நான்கு செல் பேட்டரி ஒன்று 150 ஆம்பியரை 36 நொடி விடாமல் தந்துவிட்டு, உப்பாமல், கொதிக்காமல் மறுநாளும் வேலை செய்யுமா என்று கேட்டால், அந்தச் சிறிய பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்த எவரும் தயங்குவார்கள். சீட்டில் உள்ள எண்ணை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லாததால், அது விளம்பரமாகவே வளர்ந்துவிட்டது. என் அனுபவத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கை மெய்யென்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

முதல் படி: ட்ரோன் எவ்வளவு கேட்கிறது என்று கண்டறிதல்

எல்லாவற்றிலும் இந்தப் படிதான் முக்கியமானது, பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். இங்கே மூன்று எண்கள் தேவை: அசையாமல் நிற்கும்போது எடுக்கும் மின்னோட்டம், ஒரு முழுப் பறப்பின் சராசரி, முழு த்ராட்டிலில் எடுக்கும் உச்சம்.

ட்ரோனை இன்னும் கட்டவில்லை என்றால், மோட்டார் தயாரித்தவர்கள் தரும் உந்துவிசை அட்டவணையைப் பார்க்க வேண்டும். எந்தப் புரொப்பல்லர், எத்தனை வோல்ட், எத்தனை விழுக்காடு த்ராட்டில் என்பதற்கு நேராக ஆம்பியர் கொடுத்திருப்பார்கள். முழு த்ராட்டிலுக்கு உரிய எண்ணை நான்கால் பெருக்கினால் உச்சம் வரும். மேசைமேல் கட்டிவைத்து அளந்த எண் அது. ட்ரோன் முன்னோக்கிப் பறக்கும்போது புரொப்பல்லரின் சுமை குறைவதால் வானத்தில் எடுப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே அட்டவணைப்படி கணக்கிட்டால் நமக்குக் கொஞ்சம் கையிருப்பு மிஞ்சும்.

ட்ரோன் ஏற்கெனவே இருக்கிறது, பறப்பைக் கட்டுப்படுத்தும் அதன் ஃப்ளைட் கன்ட்ரோலரில் மின்னோட்ட சென்சாரும் இருக்கிறது என்றால் நிலைமை இன்னும் நல்லது. ஆனால் அந்தச் சென்சாரைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாது. ஒரு பறப்பு முடிந்ததும் திரை காட்டும் எம்.ஏ.எச். அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு சார்ஜர் திரும்ப ஏற்றிய அளவோடு ஒப்பிட வேண்டும். திரை 1000 என்று சொல்லி, சார்ஜர் 1200 ஏற்றினால், சென்சார் குறைத்துக் காட்டுகிறது. ஃப்ளைட் கன்ட்ரோலரின் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில் அதைத் திருத்த, சென்சாருக்குக் கொடுத்திருக்கும் பழைய ஸ்கேல் எண்ணைத் திரை காட்டிய அளவால் பெருக்கி, சார்ஜர் ஏற்றிய அளவால் வகுக்க வேண்டும். இரண்டு மூன்று பறப்புகளில் இரண்டு அளவுகளும் ஒட்டி வந்துவிடும்.

சென்சார் இல்லாதவர்களுக்கும் சராசரி கிடைக்கும். நான்கு நிமிடம் பறந்து, சார்ஜர் 1200 எம்.ஏ.எச். ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். 1.2 ஆம்பியர்-மணியை 60-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 18 ஆம்பியர். காகிதமும் கடிகாரமும் இருந்தால் போதும்.

என் 5 அங்குல ட்ரோன் (புரொப்பல்லரின் அளவைக் கொண்டே ட்ரோனை இப்படிச் சொல்கிறோம்) காற்றில்லாத மார்கழிக் காலையில் அசையாமல் நிற்பதற்குச் சுமார் 9 ஆம்பியர் எடுக்கிறது. அதே ட்ரோன் ஆடி மாதம் மேற்கு நோக்கித் திரும்பி வரும்போது 25 முதல் 30 ஆம்பியர் வரை தொடர்ந்து கேட்கிறது. ஒரு நொடி முழு த்ராட்டில் கொடுத்தால் 95-ஐத் தொடுகிறது. காற்று ஓய்ந்த நாளில் மட்டும் அளந்துவிட்டுப் பேட்டரி வாங்கினால் கணக்கு தப்பிவிடும் என்பதால், நம் ஊர்க்காரர்கள் இந்த அளவைக் காற்றுக் காலத்திலும் ஒருமுறை, தாழ்வாகவும் அருகிலேயும் பறந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: தேவையைச் சி எண்ணாக மாற்றுதல்

காற்றை எதிர்த்துத் தொடர்ந்து எடுக்கும் 30 ஆம்பியரை 1.5-ஆல் வகுத்தால் 20 சி. இதைப் பேட்டரி சூடாகாமல், நிமிடக் கணக்கில் தர வேண்டும். உச்சமான 95 ஆம்பியரை 1.5-ஆல் வகுத்தால் சுமார் 63 சி. இதை இரண்டு மூன்று நொடிகளுக்குத் தந்தால் போதும். மெய்யான 30 சி உள்ள ஒரு பேட்டரி இந்த இரண்டையும் தாங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குப்படி, சீட்டில் 90 முதல் 100 வரை போட்டிருக்கும் நல்ல பெயருள்ள பேட்டரி இந்த ட்ரோனுக்கு ஏற்றது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாக்க வேண்டும். ‘சி அதிகமான பேட்டரி போட்டால் மோட்டார் எரிந்துவிடும்’ என்று பலர் அஞ்சுகிறார்கள். மோட்டார் தனக்கு வேண்டிய அளவை மட்டுமே இழுக்கும். தண்ணீர்த்தொட்டிக் குழாய் அகலமாக இருப்பதால் குடிப்பவர் கூடுதலாகக் குடித்துவிடுவதில்லை. மோட்டாரையும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யையும் எரிப்பது வோல்ட்தான். நான்கு செல்லுக்குக் கட்டிய 2450 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று என்ற கணக்கு) மோட்டாருக்கு ஆறு செல் பேட்டரியை மாட்டுவதுதான் மெய்யான ஆபத்து.

செல்லின் எண்ணிக்கையை முடிவு செய்யும் வாய்ப்பு இன்னும் கையில் இருந்தால், அதுவே டிஸ்சார்ஜ் சிக்கலுக்கு ஒரு நல்ல தீர்வாகவும் அமையும். உச்சத்தில் 1680 வாட் தேவைப்படும் ட்ரோன் ஒன்று, 14.8 வோல்ட் உள்ள நான்கு செல்லில் சுமார் 113 ஆம்பியர் கேட்கும், 22.2 வோல்ட் உள்ள ஆறு செல்லில் சுமார் 76 ஆம்பியர் கேட்கும். கே.வி. குறைந்த மோட்டார்களோடு ஆறு செல்லில் கட்டினால், பேட்டரி, ஒயர், கனெக்டர் எல்லாவற்றின் சுமையும் இறங்குகிறது. காற்று மிகுந்த நம் வட்டாரத்தில் புதிதாக 5 அங்குல ட்ரோன் கட்டுபவர்களுக்கு நான் ஆறு செல்லைத்தான் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: எடையைப் பார்த்தல்

கொள்ளளவைக் கூட்டினால் தேவையான சி குறையும். அதே 30 ஆம்பியருக்கு 1500 எம்.ஏ.எச். பேட்டரி 20 சி தர வேண்டும், 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 14 சி-யே போதும். அப்படியானால் பெரிதாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கூடும் ஒவ்வொரு கிராமையும் தூக்கி நிறுத்த மோட்டார்கள் மீண்டும் கூடுதல் மின்னோட்டத்தைக் கேட்கும் என்பதால், ஓர் எல்லைக்கு மேல் பறக்கும் நேரம் கூடுவது நின்றுவிடுகிறது, கையாளும் சுறுசுறுப்பும் போய்விடுகிறது.

எடைக்கு வேறொரு பயனும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. சீட்டில் பொய் எழுதலாம். தராசில் பொய் சொல்ல முடியாது. ஒரே செல் எண்ணிக்கை, ஒரே கொள்ளளவு உள்ள இரண்டு பேட்டரிகளில் ஒன்று ‘95 சி’ என்றும் 185 கிராம் என்றும், மற்றொன்று ‘120 சி’ என்றும் 160 கிராம் என்றும் இருந்தால், நான் கனமானதையே எடுப்பேன். கூடுதல் மின்னோட்டத்தைத் தடையின்றித் தருவதற்கு உள்ளே செம்பும் அலுமினியமும் கூடுதலாக வேண்டும். அவை எடையில் தெரியாமல் போகாது. நான் வயலில் விழவைத்த அந்த ‘120 சி’ பேட்டரியை முன்பே நிறுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எடை சட்டத்தோடும் தொடர்புடையது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை நேனோ வகை, அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. பேட்டரியோடு சேர்த்த எடைதான் கணக்கு. 240 கிராம் ட்ரோனில் 20 கிராம் கூடுதலான பேட்டரியை மாட்டினால் வகையே மாறிவிடும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் எல்லாம் இருக்கும் வட்டாரம் இது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் எந்த எடையுள்ள ட்ரோனையும் இங்கே கிளப்பக்கூடாது.

நான்காம் படி: கனெக்டரும் ஒயரும்

பேட்டரி எவ்வளவு நல்லதானாலும் மின்சாரம் கனெக்டர் வழியாகத்தான் வர வேண்டும். 5 அங்குல ட்ரோனுக்கு எக்ஸ்.டி.60, 3 அங்குலத்துக்கு எக்ஸ்.டி.30 என்பது பொதுவான நடைமுறை. ஒயர் 5 அங்குலத்துக்கு 12 அல்லது 14 கேஜ் சிலிக்கான் ஒயராக இருப்பது நல்லது. பறந்து முடிந்ததும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். பேட்டரியைவிட அது சூடாக இருந்தால், பற்றவைப்பு சரியில்லை அல்லது உள்ளே பிடிப்புத் தளர்ந்திருக்கிறது. உள்ளங்கை அளவு வூப் ட்ரோன்களில் பி.எச்.2.0 கனெக்டரை பி.டி.2.0 ஆக மாற்றினாலே கிடைக்கும் வலிமை, சி எண்ணை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்காது.

ஐந்தாம் படி: வந்த பேட்டரியை அளந்து பார்த்தல்

மெய்யான டிஸ்சார்ஜ் திறனைக் காட்டிக்கொடுப்பது உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை. அதை நல்ல சார்ஜர்கள் ஒவ்வொரு செல்லுக்கும் மில்லி ஓம் கணக்கில் காட்டும். புதிய 1500 எம்.ஏ.எச். பேட்டரியில் செல்லுக்குச் செல் எண்கள் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். மூன்று செல் 4 மில்லி ஓம், ஒரு செல் 9 மில்லி ஓம் என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. அந்த ஒரு செல்தான் முதலில் சரியும், மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து வீணாகும்.

மாடல் விமானக்காரர்களிடையே பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் ஒரு கணக்கு உண்டு. கொள்ளளவின் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும், ஒரு செல்லுக்குள் 6 வாட் வரை வெப்பம் உண்டாவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. அதன்படி, ஆம்பியர்-மணியை 6-ஆல் பெருக்கி, ஒரு செல்லின் உள்தடையை ஓம் ஆக மாற்றி அதனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் பாதுகாப்பான மின்னோட்டம் கிடைக்கும். 1.5 ஆம்பியர்-மணி, 5 மில்லி ஓம் என்றால் 9-ஐ 0.005-ஆல் வகுக்க 1800. அதன் வர்க்கமூலம் சுமார் 42 ஆம்பியர், அதாவது 28 சி. 3 மில்லி ஓம் என்றால் சுமார் 55 ஆம்பியர், அதாவது சுமார் 37 சி. ‘120 சி’ என்று எழுதிய பேட்டரிகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை; சேமித்து வைத்த காசில் வாங்கும் பள்ளி, கல்லூரி மாணவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. பேட்டரி சூடாக இருந்தால் உள்தடை குறைவாகக் காட்டும். பாளையங்கோட்டையில் சித்திரை மாத மதியம் அளந்த எண்ணையும் தை மாத விடியற்காலையில் அளந்த எண்ணையும் ஒப்பிடுவது பயனற்றது. வீட்டுக்குள், நிழலில், ஓர் இரவு வைத்திருந்து, ஒரே அளவு சார்ஜில் அளப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: பறந்து பார்த்தல்

முழுச் சார்ஜில் கிளப்பி, பத்து மீட்டர் உயரத்தில் அரை நிமிடம் நிறுத்தி, பிறகு இரண்டு நொடி முழு த்ராட்டில் கொடுத்து வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணால் பிடிப்பது கடினம். திரைப்பதிவு அல்லது ஃப்ளைட் கன்ட்ரோலர் சேமிக்கும் பிளாக்பாக்ஸ் பதிவு உதவும். 10 ஆம்பியரில் 16.0 வோல்ட், 90 ஆம்பியரில் 14.4 வோல்ட் என்றால், 80 ஆம்பியர் வேறுபாட்டுக்கு 1.6 வோல்ட் இறக்கம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 20 மில்லி ஓம். ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடை இது. செல்லுக்கு 5 என்ற கணக்கு. 90 ஆம்பியரில் இதனால் உண்டாகும் வெப்பம் 162 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஐந்தாறைப் பேட்டரிக்குள் செருகி வைத்தது போன்ற சூடு அது. அதனால்தான் அந்த அளவை நொடிக்கணக்கில் மட்டும் கேட்கிறோம்.

பேட்டரி பாதி தீர்ந்த நிலையிலும் இதையே ஒருமுறை செய்ய வேண்டும். அப்போதும் முழு த்ராட்டிலில் ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை என்றால் அந்தப் பேட்டரி ட்ரோனுக்குப் பொருத்தமானது. கீழே போனால் த்ராட்டிலுக்கு உச்சவரம்பு வைக்கலாம், அல்லது அந்தப் பேட்டரியை இலகுவான ட்ரோனுக்கு ஒதுக்கலாம்.

தரையிறங்கிய ஒரு நிமிடத்துக்குள் சூட்டையும் பாருங்கள். கையில் இதமாகப் பிடிக்க முடிந்தால் நல்லது. பிடிக்க முடியாமல் சுட்டால், ஏறக்குறைய 60 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அந்த ஒரு பறப்பிலேயே அதன் ஆயுள் குறைந்துவிட்டது. நம் ஊரில் கோடையில் நிழலிலேயே வெப்பம் 38 டிகிரியைத் தொடுவதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்திருந்த பேட்டரி பறக்கும் முன்பே சூடாகியிருக்கும். ஈரத்துணி போர்த்திய தெர்மாகோல் பெட்டியில் நிழலில் வைத்து எடுத்துச் செல்வது என் வழக்கம். பேட்டரிமேல் ஈரம் படாமல் ஒரு மூடிய டப்பாவுக்குள் வைப்பேன்.

லித்தியம் அயான் எப்போது பொருந்தும்

வேகமாகப் பாயாமல், நிதானமாக நெடுநேரம் பறக்கும் 7 அங்குல ட்ரோன்களுக்கு உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள் மிக நல்லவை. இவற்றில் பெரும்பாலும் சி எண் இருக்காது. நேரடியாக ஆம்பியரில் சொல்லிவிடுவார்கள். சாம்சங் 30க்யூ 3000 எம்.ஏ.எச்., 15 ஆம்பியர். மோலிசெல் பி42ஏ 4200 எம்.ஏ.எச்., 45 ஆம்பியர். பெயருள்ள நிறுவனங்களின் தரவுத்தாளில் உள்ள இந்த எண்களை, லிப்போ சீட்டுகளைவிட நான் மிகுதியாக நம்புகிறேன். ஆனால் போலிச் செல்கள் சந்தையில் உண்டு. 18650 அளவில் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) ‘9900 எம்.ஏ.எச்.’ என்று எழுதியிருந்தால் அது போலியேதான். காற்று மாதங்களில் இவற்றைப் பயன்படுத்துபவர்கள், எதிர்க்காற்றில் எடுக்கும் தொடர் மின்னோட்டம் செல்லின் அளவில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கிய பிறகு அந்த ரேட்டிங்கைக் காப்பாற்றுதல்

நல்ல பேட்டரியும் கவனிப்பு இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் மலிவுப் பேட்டரியாகிவிடும். கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க வேண்டாம்; 1500 எம்.ஏ.எச். பேட்டரியில் 1200 தீர்ந்ததும் இறக்கிவிட வேண்டும். பறக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் என்று எச்சரிக்கை மணி வைத்துக்கொள்ளலாம். சூடு ஆறிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், அதுவும் 1 சி வேகத்தில், அதாவது 1500-க்கு 1.5 ஆம்பியரில், செல்களின் வோல்ட்டைச் சமமாக்க உதவும் பேலன்ஸ் ஒயரை மாட்டி. மூன்று நாளைக்குப் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். முழுச் சார்ஜோடு தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாரம் கிடந்த பேட்டரியின் உள்தடை கண்கூடாக ஏறிவிடும். சார்ஜ் போடும் இடம் சிமென்ட் தரையாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த ஆற்றுமணல் இருக்கட்டும். ஆள் இல்லாமல் சார்ஜ் போடவே கூடாது.

ஒவ்வொரு பேட்டரியிலும் வாங்கிய தேதியையும் முதல் நாள் உள்தடையையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். மாதம் ஒருமுறை அளந்து, அந்த எண் இரண்டு மடங்கானதும் அது காற்றுக் காலப் பறப்புக்குத் தகுதி இழந்துவிட்டது என்று பிரித்து வைத்து, வீட்டில் சோதனை வேலைகளுக்கு மட்டும் எடுத்துக்கொள்வேன். உப்பிய பேட்டரிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. வெட்டவெளியில் வைத்து, 12 வோல்ட் பல்புகள் இரண்டைத் தொடராக மாட்டி முழுவதும் இறக்கி, மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். வயலில் விழுந்த அந்தப் பேட்டரியை நான் அப்படித்தான் மொட்டைமாடியில் வைத்து இறக்கினேன். பல்பு இரண்டும் மங்கி அணைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.